காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் காலநிலை நிதி தருவது உதவிதானே, அதை ஏன் நீதி என்கிறார்கள்?

நான் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் எங்களைப் போலத் தமிழ்க் குடும்பங்கள். 2024 ஜூலை 30 விடிவதற்குள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மேலும் மலை சரிந்தது. மேப்பாடியில் இருக்கும் சித்திக்கு அன்று மதியம் வரை போன் போகவில்லை.

அதனால் சித்தி கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வயநாட்டு மறுவாழ்வுக்கு மத்திய அரசு 529.50 கோடி ரூபாய் தருகிறது என்று 2025 பிப்ரவரியில் செய்தி வந்ததும் அவரிடம் சொன்னேன். "சும்மாவா, கடனா?" என்றார். கடன்தான். வட்டி இல்லை, 50 வருடத்தில் கேரள அரசு கட்ட வேண்டும். "பறிகொடுத்தவங்களே கட்டணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

உலக அளவிலும் இதே கதைதான். 2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். சேதமும் இழப்புமாக 3,000 கோடி டாலர். உலகம் விடும் புகையில் அந்த நாட்டின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. அடுத்த ஜனவரியில் ஜெனீவாவில் கூடி 900 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி கடன். புகை விட்டவன் ஒருவன், தவணை கட்டுகிறவன் இன்னொருவன் என்றால் அதை உதவி என்று எப்படிச் சொல்வது?

கடல்மட்ட உயர்வால் வரும் இழப்புக்கு நிதி வேண்டும் என்று வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாடு 1991லேயே கேட்டது. 'இழப்பு மற்றும் சேத நிதி'க்கு மற்றவர்கள் தலையாட்டியது 2022இல், எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில். ஒரு வருடம் கழித்து துபாயில் அறிவித்த தொகை மொத்தம் 70 கோடி டாலர் அளவு. பாகிஸ்தானின் ஒரு வெள்ளத்துக்கே காணாது. அதே வனுவாட்டு முன்னின்று கேட்டுத்தான், காலநிலைக் கடமையை மீறும் நாடு இழப்பீடு தர வேண்டி வரலாம் என்று சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலையில் கருத்துச் சொன்னது. தீர்ப்பு இல்லை, ஆலோசனைக் கருத்து. ஆனாலும் நீங்கள் கேட்ட 'நீதி' என்ற சொல்லுக்கு இப்போது சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது.

சரி, எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட முடியாது. வயநாட்டில் கொட்டிய மழையைக் காலநிலை மாற்றம் சுமார் 10 சதவீதம் கூட்டியது என்று விஞ்ஞானிகள் குழு ஒன்று கணித்தது. மழை எவ்வளவு பெய்தாலும் அது யார் தலையில் இறங்கும் என்பதை லயம் கட்டிய அன்றே முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் பங்களா மேட்டில் இருக்கிறது, லயம் ஓடைக்கரையில். ரெட் அலர்ட் என்றால் கீழ் வரிசை வீட்டுக்காரர்கள் இப்போதும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கிறார்கள்.