பதவிக்கு முன்பே பொறுப்பு: கேள்வி பதில்

தொழிலில் தமக்கென ஒரு பெயரைச் சம்பாதிப்பது எப்படி என்று வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்ட கேள்விகளும், பல ஆண்டுகள் குழுக்களை நடத்திய ஒருவர் அளித்த பதில்களும்.

கேள்வி: வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இப்போதே நானாக முன்வந்து எதையாவது எடுத்துச் செய்தால் அதிகப்பிரசங்கி என்று சொல்லிவிட மாட்டார்களா?

எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்னொருவர் கையில் இருக்கும் வேலைக்குள் நுழைந்து திருத்தம் சொன்னால் அந்தப் பெயர் கட்டாயம் வரும். யார் கையிலும் இல்லாத வேலையைத் தேடுங்கள். புதியவர்களுக்கான வழிகாட்டிக் குறிப்பு பழசாகிக் கிடக்கும். இரண்டு பிரிவுகள் தரும் கணக்கு ஒவ்வொரு மாதமும் ஒன்றோடொன்று பொருந்தாது. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் முணுமுணுப்பார்கள், ஒருவரும் தொட மாட்டார்கள்.

ஏன் தொடுவதில்லை என்பதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 1968இல் ஜான் டார்லியும் பிப் லடானேயும் ஒரு சோதனை நடத்தினார்கள். இன்டர்காமில் பேசிக்கொண்டிருப்பவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். அதைத் தான் ஒருவர் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடிப் போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் போனார்கள். ஆள் கூடக் கூடப் பொறுப்பு சிதறிவிடுகிறது. அலுவலகக் கூட்டத்திலும் இதுதான் நடக்கிறது. அங்கே 'இதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

கேள்வி: 'எனக்கு ஏதாவது பொறுப்பு கொடுங்கள்' என்று மேலாளரிடம் இருமுறை கேட்டேன். பார்க்கலாம் என்கிறார். அதோடு சரி.

அவருக்கு நீங்கள் இன்னொரு வேலையைக் கொடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு ஏற்ற பொறுப்பை இனி அவர் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த யோசனையை நீங்களே முடித்து எடுத்துப் போங்கள். அரைப் பக்கம் போதும்: சிக்கல் என்ன, அதனால் யாருக்கு நேரம் வீணாகிறது, நீங்கள் செய்யப்போவது என்ன, எந்தத் தேதிக்குள், அவரிடமிருந்து என்ன தேவை. இப்படிக் கேட்டால் அவர் 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லியாக வேண்டும். 'வேண்டாம்' என்றால் காரணத்தைக் கேளுங்கள். அடுத்த முறை எதை எடுக்கலாம் என்பது பெரும்பாலும் அந்தக் காரணத்திலேயே இருக்கும்.

கேள்வி: லிங்க்ட்இன் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே 'தலைமைத்துவச் சிந்தனையாளர்' என்று போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். நீங்கள் முடித்த ஒரு வேலையை இரண்டு வரியில் எழுதுங்கள்.

கேள்வி: நான் எல்லாவற்றுக்கும் முன்வருகிறேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, விடைபெறும் விழா ஏற்பாடு, புதியவர்களை வரவேற்பது எல்லாம் நான்தான். ஆனால் பதவி உயர்வு என் பக்கமே வரவில்லை. குழுவில் பெண்கள் இருவர்தான்.

உங்கள் கடைசி வாக்கியம் முக்கியமானது. லிண்டா பாப்காக் என்ற பொருளியலாளரும் வேறு மூன்று ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு நிமிட அவகாசம். யாராவது ஒருவர் பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் லாபம், ஆனால் அழுத்துபவருக்கு மற்றவர்களைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களுக்கும் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களுக்கும் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இதைப் பெண்களின் இயல்பு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. 'அவர் செய்துவிடுவார்' என்ற எதிர்பார்ப்புதான் இங்கே வேலை செய்கிறது. பொத்தானை அழுத்தும்படி குழுவில் ஒருவரைக் கேட்கும் உரிமையை இன்னொருவருக்குக் கொடுத்துப் பார்த்தபோதும், பெண்களிடமே அதிகமாகக் கேட்டார்கள்.

முன்வருவது என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று குழுவை இதமாக வைத்திருக்கும் வேலை. மற்றது குழுவின் முடிவுகளை மாற்றும் வேலை. முதலாவதை நான் மதிக்கிறேன், அது இல்லாத குழு சீக்கிரம் கசந்துபோகும். ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு இடம் இருப்பதில்லை. எனவே கூட்டக் குறிப்பைச் சுழற்சி முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். 'இந்த மாதம் நான் எழுதிவிட்டேன், அடுத்த மாதம் யார்?' என்று கூட்டத்திலேயே கேளுங்கள். மிச்சமாகும் நேரத்தில் செலவு, வாடிக்கையாளர், காலக்கெடு இவற்றில் ஒன்றைத் தொடும் வேலையை எடுங்கள். நீங்கள் மேலாளராகும்போது 'யார் செய்கிறீர்கள்?' என்று பொதுவாகக் கேட்காமல் முறை வைத்துக் கொடுங்கள். இதை எல்லா மேலாளர்களிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

கேள்வி: கூட்டத்தில் பேசவே கூச்சம். தலைமை எனக்கு வருமா?

வரும். பேசாமல் செய்யும் பொறுப்புகளில் தொடங்குங்கள். கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை எழுதி அனுப்புபவர், என்ன பேசப்படும் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறார். பேச்சுப் பயிற்சிக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் உண்டு. முதல் மன்றம் 1924இல் தொடங்கியது. அங்கே மேடைப் பேச்சு மட்டும் இல்லை. நேரம் கணிப்பவர், மொழியைக் கவனித்துச் சொல்பவர் என்று சிறிய பொறுப்புகளும் உண்டு. கூச்சமுள்ளவர்கள் அவற்றிலிருந்து ஏறி வரலாம்.

கேள்வி: நான் தொடங்கிய வேலையை மூத்தவர் ஒருவர் தன் வேலையாகக் காட்டிவிட்டார். எல்லோர் முன்னிலும் கேட்டுவிடட்டுமா?

கேட்காதீர்கள். முதலில் தனியாகப் பேசுங்கள். 'அடுத்த கட்டத்தை நானே விளக்க விரும்புகிறேன்' என்று சொல்லுங்கள். இனிமேல் வேலை நடக்கும்போதே வாரம் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள்: முடிந்தது என்ன, சிக்கியது என்ன, யார் உதவினார்கள். உதவியவர்களின் பெயரை விடாமல் எழுதுங்கள். அந்த மடலை எழுதுபவர் யார் என்று ஒரு மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கேள்வி: நான் இன்னும் மாணவன். அலுவலகமே இல்லாதவன் எங்கே பொறுப்பு எடுப்பது?

லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். வயது 21. மினிக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் குழுவுக்கு அவர் அனுப்பிய செய்தியில், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாகச் சொல்லி, அதில் என்னென்ன வேண்டும் என்று கேட்டார். செப்டம்பரில் நிரலை வெளியிட்டார். மற்றவர்கள் அனுப்பிய திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டே போனார். லினக்ஸ் அப்படித்தான் வளர்ந்தது. எல்லோருக்கும் அந்த அளவு அமையாது, அமைய வேண்டியதும் இல்லை. கேட்டது, வெளியிட்டது, பிறர் அனுப்பியதை ஏற்றது ஆகிய மூன்றையும் எந்த மாணவரும் செய்யலாம். நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு திறமூல மென்பொருளை, அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருளை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உதவிக் குறிப்பில் புரியாத பகுதி ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் திருத்தி அனுப்புங்கள். பொறுப்பாளர்கள் கேள்வி கேட்டால் அன்றைக்கே பதில் எழுதுங்கள்.