நானோ மருந்து: நேராகப் போகாதா?

கேள்வி: மருந்தை நானோ துகளில் ஏற்றி அனுப்பினால் நேராகப் புற்றுக்கட்டிக்கே போய்விடும் என்று பல வருடங்களாகப் படிக்கிறேன். பிறகு ஏன் இன்னும் கீமோவில் இத்தனை பக்கவிளைவு?

பதில்: அந்த 'நேராக' கொஞ்சம் அதிகப்படி. துகளுக்கு வழியெல்லாம் தெரியாது, ரத்தம் இழுத்த பக்கம் போகும், அவ்வளவுதான். ஊசி போட்ட கையோடு ரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் அப்பிக்கொள்ளும். அதை வைத்தே கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் வேற்றுப்பொருள் என்று கண்டுகொண்டு பெரும்பகுதியை விழுங்கிவிடும். சரி, சின்னதாகச் செய்யலாமே என்றால், 5 நானோமீட்டருக்குக் கீழே போனால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடுகிறது. 2016-ல், அதற்கு முந்தைய பத்தாண்டு விலங்கு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, செலுத்திய அளவில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 0.7 சதவீதம்தான்.

கட்டியின் ரத்தக்குழாய்களில் ஓட்டை அதிகம், துகள் அதன் வழியே கசிந்து உள்ளே தங்கும் என்று 1986-ல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் சொன்னதை நம்பித்தான் பாதித் துறையே வளர்ந்தது. எலிக்கு மளமளவென்று வளரும் கட்டியில் அது நன்றாகத் தெரியும். மனிதர்களிடம் ஆளுக்கு ஆள், ஏன், ஒரே ஆளின் கட்டிக்குக் கட்டி மாறுகிறது.

விழுங்கு செல்லை ஏமாற்றத் துகள்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரைப் பூசினார்கள். அதற்கும் சிலர் உடம்பு எதிர்ப்புப் புரதம் தயாரித்துவிடுகிறது, அடுத்த டோஸ் வேகமாகக் காலியாகிறது.

அதற்காக எல்லாம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில், டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை நானோ அளவுக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தது. அந்தக் கீமோவால் இதயத்துக்கு வரும் பாதிப்பை நன்றாகவே குறைத்தது. ஆனால் குமிழி ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றுவதால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து, எரிந்து, சில சமயம் தோலே உரிந்துபோகிறது. பக்கவிளைவு ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. என்னைக் கேட்டால் அதுவே பெரிய லாபம்தான், விளம்பரம் சொல்கிற லாபம் அது இல்லை.

கேள்வி: அப்புறம் ஃபைசர், மாடர்னா மாதிரி நானோ துகளில் ஏற்றிய கொரோனா தடுப்பூசியில் மட்டும் எப்படிப் பலித்தது?

பதில்: அங்கே தேடிப் போக வேண்டிய இடமே இல்லையே! தசையிலும் பக்கத்து நிணநீர் முடிச்சிலும் கொஞ்சம் இறங்கினால் போதும், மீதியை நோய் எதிர்ப்பு மண்டலம் பெருக்கிக்கொள்ளும். புற்றுக்கட்டியில் அந்தச் சலுகை கிடையாது. 2018-ல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற நானோ மருந்து (ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கானது) இன்னொரு கெட்டிக்காரத்தனம்: துகள் எப்படியும் போய்ச் சேரும் கல்லீரலைத்தான் அது குறிவைக்கிறது.