குப்பியின் மேல் ஒரு சின்னச் சதுரம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

என் தங்கை பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடியப்போகிறது. தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.) ஊசி போட வேண்டும். தங்கை மாப்பிள்ளை கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மார்த்தாண்டம் பக்கம் ஒரு இயற்கை வைத்திய முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து இப்படி. ஊசி போட்டால் ஆட்டிசம் வரும், லண்டன் டாக்டரே நிரூபித்துவிட்டார், நம் முன்னோர்கள் ஊசியா போட்டார்கள் என்கிறார். வாட்ஸப்பில் ஒரு வீடியோ காட்டினார். கோட்டுப் போட்ட ஒருவர் ஆராய்ச்சிப் பெயர்களாக அடுக்குகிறார். அரசு டாக்டரும் ஆராய்ச்சி என்கிறார், இவரும் ஆராய்ச்சி என்கிறார். பி.காம். படித்த நான் யாரை நம்ப? நீங்களே வர்ம ஆசானைப் புகழ்ந்து எழுதியவர்தானே?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

முதலில் காரியம். ஒன்பது மாதம் முடிந்ததும் வருகிற புதன்கிழமை பிள்ளையைத் துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இந்தப் பதிலை அதற்கப்புறம் வாசித்தாலும் போதும்.

ஆசானைப் புகழ்ந்து எழுதினேன், மறுக்கவில்லை. திற்பரப்பில் பாறை வழுக்கிக் கணுக்கால் பிசகியபோது எண்ணெய் போட்டுத் தடவிக் கட்டி, மூன்று வாரத்தில் நடக்க வைத்தார். அன்று எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டு வருஷம் கழித்து பைக்கிலிருந்து விழுந்து, வீங்கிய மணிக்கட்டோடு அவரிடமே போனேன். கையை வாங்கி ஓரிடத்தில் விரலால் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் தொழுவத்தில் நின்ற பசு திரும்பிப் பார்த்தது. "ஒடிஞ்சிருக்கு மக்கா. இது எனக்க கையில நிக்காது, போய் படம் எடு" என்றார். தட்சணை வாங்கவில்லை. கணுக்கால் பிசகு எண்ணெய் இல்லாமலும் ஆறியிருக்கலாம், யார் கண்டது? அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவரை இன்றும் நம்புகிறேன்.

முகாம்காரரிடம் மாப்பிள்ளை இதையே கேட்கட்டும்: உங்கள் கைக்கு நிற்காதது எது? உங்களிடம் வந்து குணமாகாதவர்கள் எத்தனை பேர், அந்தக் கணக்கு எந்த நோட்டில் இருக்கிறது? சர்க்கரைக்கும் கேன்சருக்கும் மலட்டுத்தன்மைக்கும் ஒரே கஷாயம் என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களிடம் அந்த நோட்டு இருக்காது. இப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லேயே சட்டம் வந்தாயிற்று. நோட்டீஸ் மட்டும் பஸ் ஸ்டாண்ட் சுவரை விட்டுப் போகவில்லை.

லண்டன் டாக்டர் கதை சுருக்கமாக. பெயர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். 1998ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கட்டுரை. பார்த்தது பன்னிரண்டே பிள்ளைகளை. தொடர்பை நாங்கள் நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறது. அது வாட்ஸப்புக்கு வரும் வழியில் உதிர்ந்துவிட்டது. ஊசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வக்கீலிடம் அவர் பணம் வாங்கியதையும், பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புக்கும் கட்டுரையில் இருப்பதற்கும் பொருத்தமில்லை என்பதையும் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டி எடுத்தார். 2010ல் 'லான்செட்' கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருஷம் வேக்ஃபீல்டின் டாக்டர் பதிவும் போயிற்று. 2019ல் டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளின் கணக்கைப் பார்த்து முடிவு வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடவில்லை. பன்னிரண்டையும் ஆறரை லட்சத்தையும் தராசில் வைக்க பி.காம். தாராளமாகப் போதும்.

யாரை நம்ப என்று கேட்டீர்களே, என் மதினி கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் காட்டித் தந்த ஒன்றைச் சொல்கிறேன். தடுப்பு மருந்துக் குப்பியில், லேபிளிலோ மூடியிலோ, ஒரு சின்ன வட்டம் இருக்கும். வட்டத்துக்குள்ளே வெளிறிய ஒரு சதுரம். மருந்து சூடுபடச் சூடுபட சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். "எம்.ஆர். மருந்தைக் கலக்கின நேரத்தைக் குப்பியிலயே எழுதணும். நாலு மணிக்கூறு தாண்டினா, மிச்சம் இருந்தாலும் கொட்டணும்" என்றார். நான் கெட்டுவிட்டேன், என்னைப் போடாதே என்று தானே சொல்கிற குப்பி அது. முகாமில் விற்ற எண்ணெய்க் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாமி படம் இருந்தது. தேதியைக் காணோம்.

ஊசியாலும் சொட்டு மருந்தாலும் தீங்கே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். போலியோ சொட்டில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி. பல லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு அதுவே வாதத்தைக் கொடுத்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்து எழுதியது யார்? சொட்டு மருந்து கொடுத்தவர்களேதான். போலியோ கிருமியில் இரண்டாம் வகை, இயற்கையாகப் பரவுகிற காட்டுக் கிருமி, உலகத்தில் 1999க்குப் பிறகு தென்படவில்லை. இனி சொட்டில் அந்த வகை இருந்தால் லாபத்தைவிட நஷ்டம் என்று கணக்குப் போட்டு, 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க அதை எடுத்துவிட்டார்கள். வீடியோவில் கோட்டுப் போட்டவர் தன் கஷாயத்திலிருந்து எதையாவது இப்படி எடுத்ததுண்டா?

முன்னோர்கள் ஊசியா போட்டார்கள்? போட்டார்கள். நம் குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. ராணி கௌரி லட்சுமி பாய் 1813லேயே அம்மை குத்துவதற்கென்று துறை ஏற்படுத்தியவர். என் ஆச்சிக்கு அது வாய்க்கவில்லை. வைசூரி வந்து பிழைத்தவர். கன்னத்தில் விரல் வைத்தால் மழை பெய்த மணல் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு முகம் பளிங்கு, இடது புஜத்தில் மட்டும் நாலணா அளவுக்கு ஒரு தழும்பு. மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அதே இடத்தில் இருக்கும், பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் அவரைக் கிண்டல் செய்யாதீர்கள். என் மகளுக்கு முத்தடுப்பு ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அனலாய் அடித்தது. தொடை பனங்கொட்டை போல வீங்கியிருந்தது. இப்படி வரும், ரெண்டு நாளில் போகும் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. மறுநாள் போய்க் கேட்டால், "படிச்சவங்கதானே, இதுகூடத் தெரியாதா?" என்றார்கள். அங்கே நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றன, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு ஒருவர் சுக்குக் காப்பி தந்து, பக்கத்தில் உட்கார வைத்து, ஊசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு மணி நேரம் பேசியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். முகாமில் விற்கிற சரக்கே அந்த ஒரு மணி நேரம்தான்.

ஆகவே புதன்கிழமை பிள்ளையை மாப்பிள்ளையே தூக்கிக்கொண்டு போகட்டும். குப்பியைக் காட்டச் சொல்லிச் சதுரத்தைப் பார்க்கட்டும், கலக்கிய நேரத்தைக் கேட்கட்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில், காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் எத்தனை சொட்டு என்று கேட்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அது ஞாபகத்தில் இருக்காது.