வான்கோழி பர்கர் வீட்டில் செய்தால் ஏன் வறண்டுபோகிறது?

வான்கோழி பர்கர் என்பது கொத்திய வான்கோழிக் கறியை வடைபோலத் தட்டி, தவாவில் சுட்டு, பன்னுக்குள் வைப்பது. வான்கோழியில் கொழுப்பு குறைவு. நெஞ்சுக்கறியில் ரொம்பவே குறைவு. சூடேறும்போது கறியின் புரதம் சுருங்கி, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் நீரை வெளியே தள்ளிவிடும். ஈடுகட்டக் கொழுப்பு இல்லாததால் மிஞ்சுவது சக்கை.

அதனால் தொடைக்கறி கலந்து கொத்தச் சொல்லுங்கள். பாலில் ஊறிய ரொட்டித்தூளும் துருவிய வெங்காயமும் சேருங்கள். ரொட்டி நீரைப் பிடித்துவைக்கும். ரொம்பப் பிசைய வேண்டாம். கறியைத் தட்டிய பிறகு உப்பை மேலே தூவினால் போதும், முன்பே கலந்து பிசைந்தால் கறி ரப்பர் மாதிரி இறுகும். அப்புறம், சுடும்போது கரண்டியால் அழுத்துகிற அந்தப் பழக்கம், தயவுசெய்து விடுங்கள்.

சாறுள்ள பர்கர் என்றால் அரைவேக்காடு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டே ஆக வேண்டும்; தொட்டதும் இறக்கிவிட்டால் சாறு உள்ளேயே தங்கும்.