பிஎச்.டி. செலவை வைவா வரைக்கும் கணக்குப் போடுங்கள்

கேள்வி: அம்மா, நான் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியை. வயது 33. எம்.காம்.மில் 61 சதவீதம். சம்பளம் 22,000 ரூபாய். பகுதி நேரமாக பிஎச்.டி. சேரலாம் என்று இருக்கிறேன். விசாரித்த இடத்தில் ‘வருஷத்துக்கு 15,000தான்’ என்றார்கள். ‘மூணு வருஷம், 45,000, சமாளிச்சிடலாம்’ என்கிறார் என் கணவர். நீங்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போட்ட கணக்கு சரிதானா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: சரியில்லை, தங்கச்சி. மூன்று வருஷம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிகள் சொல்லும் குறைந்தபட்சக் காலம். அதே விதிகளில் அதிகபட்சம் ஆறு வருஷம் என்றும் இருக்கிறது. காலையில் நாலு வகுப்பு எடுத்து, மாலையில் பேப்பர் திருத்தி, வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு பகுதி நேரமாகப் படித்தவர்கள் மூன்றாவது வருஷம் தீசிஸ் (ஆய்வேடு) கொண்டுவந்து கொடுத்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் 15,000-ஐ ஆறால் பெருக்குங்கள். 90,000 ஆகிறது. இது வெறும் ஆண்டுக் கட்டணம். விண்ணப்பம், நுழைவுத் தேர்வு, பதிவு, கோர்ஸ் வொர்க் (ஆரம்பப் பாடங்கள்) தேர்வு, சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), தீசிஸ் மதிப்பீடு, வைவா (வாய்மொழித் தேர்வு) என்று ஒவ்வொரு படியிலும் ஒரு சலான் காத்திருக்கும். தொகை இடத்துக்கு இடம் மாறும். சேருவதற்கு முன்பே, கடைசி சலான் வரைக்கும் உள்ள முழுப் பட்டியலையும் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

எனக்கு மறக்காத ஒரு முகம் உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. பைண்டிங் செய்த தீசிஸ் பிரதிகளைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு, கெடு முடிகிற நாள் மதியம் ஒரு மணிக்கு எங்கள் கவுன்டருக்கு வந்தார். ஃபைலைத் திறந்தால் மூன்று வருஷக் கட்டணம் பாக்கி. அபராதம் வேறு. கைடு (ஆய்வு நெறியாளர்) ஓய்வு பெற்று, இவர் வேறு கைடிடம் மாறிய சமயத்தில் ஃபைலும் இடம் மாறியிருக்கிறது. பணம் கட்டச் சொல்லி அனுப்பிய கடிதங்களெல்லாம் பழைய முகவரிக்கே போயிருக்கின்றன. கையில் அவ்வளவு பணம் இல்லை. வெளியே போனவர் மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது கையில் வளையல் இல்லை. அவருடைய சலானில் முத்திரை குத்தியது நான்தான். அந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவை முகவரியைச் சரிபார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்ற வேதனை எனக்கு இன்றும் இருக்கிறது.

அதனால் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு வருஷமும் சேர்ந்த மாதத்தில் நீங்களே போய்க் கட்டிவிடுங்கள். ரசீதுகளை ஒரே ஃபைலில், பதிவு எண் எழுதி வையுங்கள். வீடு மாறினால் கைடிடம் சொன்னால் மட்டும் போதாது. ஆராய்ச்சிப் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கைடு எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்கக் கூடாது என்பது விதி.

ஆறு வருஷத்தில் முடியாவிட்டால் மறுபதிவு செய்து இரண்டு வருஷம் நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் தர விதியில் இடம் இருக்கிறது, மொத்தம் பத்தைத் தாண்டாமல். மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் படிப்புக் காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை விடுப்பு கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், அதையும் எழுத்தில் கேளுங்கள். நீட்டித்த காலத்துக்கு என்ன கட்டணம் என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

பகுதி நேரத்துக்கு உங்கள் கல்லூரியின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒரு வரி போதாது. ஆய்வு செய்யப் போதிய நேரம் உங்களுக்கு இருக்கிறது என்றும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் அதில் இருக்க வேண்டும். கடைசி வாசகம் இல்லாத கடிதத்தோடு வந்து திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் ஒரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வயதைப் படித்ததும் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. யு.ஜி.சி.யின் நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முழு நேர ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து மதிப்பீட்டில் தேறினால் 42,000. 2023 ஜனவரி முதல் என்று உயர்த்திய தொகை இது. வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! பொது வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருஷம் தளர்வு. உங்களுக்கு இன்னும் கதவு மூடவில்லை. ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு சுற்று. வேலையை விட வேண்டியிருக்கும், அது சின்ன முடிவு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தடவையாவது தேர்வை எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் பகுதி நேரத்துக்குப் பணம் கட்டுங்கள். ஜே.ஆர்.எஃப். தவறினாலும் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி தருகிற பிரிவு 2024 ஜூன் தேர்விலிருந்து இருக்கிறது. அந்த மதிப்பெண் ஒரு வருஷம் செல்லும்.

கேள்வி: வைவா செலவுக்கு என்று 30,000 ரூபாயைக் கையில் தரச் சொல்கிறார் என் நெறியாளர். ‘எல்லாரும் கொடுக்கிறதுதான்’ என்கிறார். கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: கொடுக்க வேண்டாம். ரசீது இல்லாத பணம் கட்டணம் ஆகாது. வெளியூர்த் தேர்வாளரின் பயணப்படியும் மதிப்பூதியமும் பல்கலைக்கழகம் கொடுப்பது. நீங்கள் கட்டுகிற மதிப்பீட்டுக் கட்டணம் அதற்கும் சேர்த்துத்தான். ‘சார், எந்தக் கணக்கில் கட்டணும்னு சொல்லுங்க, சலான் எடுத்துடறேன்’ என்று பணிவாகக் கேளுங்கள். முடிந்தால் மெயிலில் கேளுங்கள். அதற்கும் மேல் தொந்தரவு வந்தால் துறைத் தலைவரிடமும் பதிவாளரிடமும் எழுத்தில் கொடுங்கள். இத்தனை வருஷம் உழைத்துவிட்டுக் கடைசிப் படியில் பயந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. நீங்கள் தனியாள் இல்லை.

கேள்வி: ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்குப் பணம் கட்டிச் சேர்ந்தேன். மூன்று வாரத்தில் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கட்டியது திரும்பாது, ஒரிஜினல் சான்றிதழும் இப்போது தர முடியாது என்கிறார்கள்.
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: தம்பி, இரண்டும் தவறு. யு.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை ஆராய்ச்சிப் படிப்புக்கும் பொருந்தும். நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணாதீர்கள். சேர்க்கைக்கு அவர்கள் அறிவித்த கடைசித் தேதியை வைத்துத்தான் கணக்கு. அந்தத் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் முழுத் தொகை, அதில் செயலாக்கச் செலவாக 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல், பிடிக்கலாம். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாள் வரை 80, அடுத்த 15 நாள் வரை 50. அதையும் தாண்டினால் கட்டணம் திரும்பாது. ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

இன்றைக்கே விலகல் கடிதம் கொடுங்கள், ஒவ்வொரு நாளும் உங்கள் சதவீதத்தைக் குறைக்கும். கடிதத்தில் தேதி போட்டு, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்படியும் அசையாவிட்டால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் அந்தத் தபால் ரசீதோடு புகார் பதியுங்கள்.