வாட்டர் பிளாக்கின் அடியைத் தேய்க்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஏசி இல்லாத அறை. வாட்டர் கூலிங் போட்டும், ரெண்டர் (எடிட் முடிந்த வீடியோவை ஃபைலாக்கும் வேலை) ஓடும்போது பிராசசர் 90 டிகிரியைத் தொடுகிறது. பிராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக்கைக் கழற்றினால் செம்பு அடியில் கடைசல் கோடுகள் தெரிகின்றன. பக்கத்து லேத் பட்டறையில் பஃபிங் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா? எந்த நம்பர் உப்புத்தாள் வாங்க வேண்டும்?

பதில்: பஃபிங் மட்டும் வேண்டாம். துணிச் சக்கரம் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மாதிரி பளபளப்பாக்கும். போதாக்குறைக்கு விளிம்பை உருட்டிவிடும். நமக்கு வேண்டியது மினுமினுப்பு இல்லை, மட்டம்.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400 W/mK. பிராசசருக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவும் சாதாரண தெர்மல் பேஸ்டுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 0.05 மில்லிமீட்டர் பேஸ்ட், 4 மில்லிமீட்டர் செம்பு அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கிறது. நீங்கள் பார்த்த கோடுகளின் ஆழம் 0.005 மில்லிமீட்டர் என்றால் அது வெறும் 0.4 மில்லிமீட்டர் செம்புக்குச் சமம். கோடுகளை பேஸ்ட் நிரப்பிவிடும், அவற்றால் பெரிய நஷ்டமில்லை. அடியே நடுவில் குழிந்திருந்தால்தான் ஆபத்து. பிராசசரின் சூடு பிறப்பதும் அந்த நடுப்பகுதியில்தான்.

ஆகவே முதலில் சோதியுங்கள். புது பிளேடின் விளிம்பை அடிப்பாகத்தின் மேல் நிமிர்த்தி வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். நேராகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் குழிவு. ஓரங்களில் கசிந்தால் நடு புடைத்திருக்கிறது. புடைப்பைப் பார்த்ததும் தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள். நடுவில் அழுத்தம் கூடுதலாக விழட்டும் என்று பல கம்பெனிகள் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கின்றன. கழற்றும்போது பேஸ்ட் பதிந்திருந்த விதமும் சொல்லும்: நடுவில் மெல்லிசாகப் பரவியிருந்தால் நல்லது, அங்கே தடிப்பாகத் தேங்கியிருந்தால் குழிவு.

குழிவு உறுதியானால் தேய்க்கலாம். ஆனால் வாரண்டி போய்விடும். அடி வெள்ளியாக மின்னினால் அது நிக்கல் பூச்சு, அதுவும் போய்விடும். இதற்குச் சம்மதமென்றால் கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள். மேசைப் பலகையை நம்ப வேண்டாம். பெயிண்ட் கடையில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாள் கிடைக்கும். 400, 600, 800, 1000 போதும்.

பிளாக்கைப் பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய செம்புத் தகடுகளுக்கு நடுவே தூள் சிக்கினால் தண்ணீர் ஓட்டமே அடைபடும். அது மட்டுமல்ல, தனியாக மட்டமாக்கிய அடித்தகடு திருகை முடுக்கியதும் மறுபடி வளையலாம். குழாய்களைக் கழற்றி, துளைகளை அடைப்பான் போட்டு மூடிவிட்டுத் தேயுங்கள். பம்பும் பிளாக்கும் ஒன்றாக, குழாய் கழற்ற முடியாத வகை என்றால் வீட்டில் இந்த வேலை வேண்டாம்.

அடியில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். தாளைக் கண்ணாடி மேல் ஒட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளாக்கைத் தாழப் பிடித்து நகர்த்துங்கள். அதன் சொந்தக் கனமே போதும். அழுத்தினால் ஒரு பக்கம் சாயும், விளிம்பு உருளும். சில தேய்ப்புக்கு ஒருமுறை 90 பாகை திருப்புங்கள். முதலில் ஓரத்து மை அழியும், நடுவில் ஒரு திட்டு நிற்கும். அந்தத் திட்டுதான் உங்கள் குழிவு! அது மறையும்வரை 400-ஐ விடாதீர்கள், பாதி வேலை இங்கேதான். அப்புறம் மற்ற தாள்கள். ஒவ்வொன்றிலும் முந்தைய தாளின் கீறல் மறைந்தால் அடுத்ததற்குப் போகலாம். 1000-க்கு மேலே போவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். பித்தளை விளக்குக்குப் போடும் பாலிஷும் கூடாது, மெழுகுப் படலம் தங்கிவிடும்.

செம்புத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். மதர்போர்டு இருக்கும் அறைப்பக்கமே இந்த வேலை வேண்டாம். கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அன்றைக்கே பேஸ்ட் தடவி மாட்டிவிடுங்கள். நம்மூர் உப்புக்காற்றில் பூச்சில்லாத செம்பு சீக்கிரம் கறுக்கும். மாட்டிய பிறகு ஓரம் கறுத்தால் கவலையில்லை.

பலனை அளக்கும்போது அறை வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் அறையே 33 டிகிரி என்றால், எந்த வாட்டர் கூலிங்கும் தண்ணீரை அதற்குக் கீழே இறக்காது. தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே வீடியோவை ரெண்டர் போடுங்கள். குழிவு இருந்திருந்தால் சில டிகிரி குறையும். எதுவுமே மாறவில்லையென்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரில் அடைந்த தூசியையும் பம்பின் வேகத்தையும் பாருங்கள்.