என்ஜின் மாற்றிய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: ஹெட்டைக் கழற்றலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். பழைய டாடா 407 லாரி ஒன்றை நானே ஓட்டிப் பிழைக்கிறேன். வேலந்தாவளம் சந்தையிலிருந்து காய்கறி லோடு. என்ஜின் சீஸ் ஆகி இறுகிப்போனதால் கோவையில் ஒரு கடையில் அதே மாடல் பழைய என்ஜினை 80,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டினோம். ‘ஸ்டார்ட்டிங் கேரண்டி’ என்று வாயால் சொன்னார்கள். செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது. ஒருமுறை ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம்) இல்லை, ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை)க் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாட்டியதில்தான் கோளாறு என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?

பதில்: ஹெட்டில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள். பிரித்த என்ஜினைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். பிரித்ததால்தான் கெட்டது என்று சொல்லிவிடுவார். தவிர, நீங்கள் எழுதியிருப்பதை வைத்து என்ஜினே மோசம் என்று முடிவுகட்ட முடியாது.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை வேகமாக அமுக்கும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. நல்ல என்ஜின்கூட எரியாத டீசலை வெள்ளைப் புகையாகத் தள்ளும். அந்த நிலையில் கேஜ் வைத்துப் பார்த்தால் கம்ப்ரஷனும் குறைவாகத்தான் காட்டும். உங்கள் மெக்கானிக் இதில்தான் ஏமாந்திருக்கலாம்.

என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், சேஸிஸோடு அதை இணைக்கும் எர்த் கேபிள் இல்லாமல் செல்ஃபுக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகாது. ஏற்றி இறக்கும்போது அதை மாட்ட மறப்பதும், பெயின்ட் மேலேயே முறுக்குவதும் சகஜம். பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த ஜம்பர் கேபிளை நேராக என்ஜின் பிளாக்கில் கொடுத்து செல்ஃப் அடியுங்கள். வேகமாகச் சுற்றினால் கோளாறு எர்த்தில். மீட்டர் இருந்தால், செல்ஃப் அடிக்கும்போது நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் நடுவே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. 12 வோல்ட் பேட்டரி 9.6-க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகி நின்றது வேறு கதை. ஃபில்டரில் இருந்த டீசல் தீர்ந்ததும் பம்ப் காற்றை இழுத்திருக்கும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வரை உள்ள லைனில் ஓட்டை இருந்தால் என்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. அந்த லைன் இணைப்புகளில் உள்ள செப்பு வாஷர்களைப் புதிதாக மாற்றுங்கள். டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, சுத்தமான கேனில் டீசல் வைத்து ஃபீட் பம்புக்குத் தனி டியூப் கொடுத்து, லைனில் உள்ள காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். ரிட்டர்ன் டியூபும் சப்ளை டியூபும் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நன்றாகச் சுற்றியும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? சீஸ் ஆன என்ஜினின் டீசல் பம்பை இதில் மாட்டினார்களா என்று கேளுங்கள். அப்படியென்றால் பம்ப் டைமிங்கை (டீசல் பாயும் நேரத்தை) மறுபடி வைக்க வேண்டும். ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி காட்டி ஸ்டார்ட் செய்ய மட்டும் சம்மதிக்காதீர்கள், பிஸ்டன் ரிங் உடையும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டர் அளவையும் என்ஜின் நம்பரோடு மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள், வீடியோவும் எடுங்கள். அளவு உண்மையிலேயே குறைவு என்றால் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். லோடு வண்டி என்பதால் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: சுயதொழிலில் பிழைக்க வாங்கியவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். கடை கோவையில் இருந்தாலும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

பில் வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் பணம் அனுப்பிய ரசீது, கடைக்காரரின் வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். என்ஜின் நம்பர் போட்ட பில்லை இப்போதாவது கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் புது நம்பர் ஏற்றவும் அது வேண்டும். என்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசின் முன் அனுமதி தேவை, மாற்றிய 14 நாளுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். நம்பர் பொருந்தாத வண்டியோடு மாநில எல்லையான வாளையாறைத் தாண்டாதீர்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் அது சிக்கலாகும்.